சக்கரம் இல்லாமல் எழுந்த பானைகள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மரியா மார்ட்டினெஸ் செய்த ஒரு கருப்புப் பானையின் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி மட்டும் எழுதியிருந்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சான் இல்டிஃபான்சோ என்ற புவெப்லோ பழங்குடி ஊரைச் சேர்ந்தவர், சக்கரத்தைத் தொடாமல் கையாலேயே பானை செய்தவர், 1980இல் இறந்தார், அவ்வளவுதான். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. பலர் கேட்டதையும், ஒருவரே கேட்டாலும் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எனக்குப் பட்டதையும் எடுத்திருக்கிறேன்.

மானாமதுரை வாசகர்: நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சக்கரத்தில் வனைகிறவர்கள். சக்கரமே இல்லாமல் அந்தப் பானை அவ்வளவு உருண்டையாக எப்படி வந்தது? அச்சில் வார்த்ததா?

அச்சு இல்லை. முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவர்களுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. தங்கள் குடும்பம் காலங்காலமாக மண் எடுக்கும் இடத்துக்குப் போய், மண் தாயிடம் கேட்டு, கொஞ்சம் மக்காச்சோள மாவைத் தூவிவிட்டுத்தான் தோண்டுவார்கள். தேவைக்கு மேல் ஒரு கூடைகூட எடுப்பதில்லை. அதை ஊறவைத்து, சலித்து, சூட்டில் வெடிக்காமல் இருக்க வேறொன்றைக் கலக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சான் இல்டிஃபான்சோவிலும் பக்கத்து ஊரான சான்டா கிளாராவிலும் எரிமலைச் சாம்பலைக் கலக்கிறார்கள். அகோமா என்ற ஊரில் பழைய பானை ஓடுகளை இடித்து மாவாக்கிக் கலக்கிறார்கள். பாட்டி காலத்தில் உடைந்த பானை இப்படிப் பேத்தியின் பானைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது, எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அப்புறம் உருவம். புக்கி என்று ஒரு ஆழமில்லாத கிண்ணம் வைத்திருப்பார்கள். தட்டையாகத் தட்டிய மண்ணை அதில் அமர்த்தி, மேலே கயிறு மாதிரி உருட்டிய மண் திரியைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, விரலால் ஒட்டுகிறார்கள். நீங்கள் சக்கரத்தில் கழுத்தை எடுத்துவிட்டு, அடியைப் பலகையால் தட்டி மூடுவீர்கள். அங்கே தட்டுவது கிடையாது. சுரைக்குடுக்கை ஓட்டைத் துண்டாக்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித்தான் வயிறு எடுக்கிறார்கள். புக்கியைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே, கண்ணால் அளந்துகொண்டே. காய்ந்த பிறகு தேய்த்துச் சமன்படுத்தி, மேலே குழம்பு மாதிரி கரைத்த செம்மண்ணைப் பூசி, அந்த ஈரம் போவதற்குள் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாது, காய்ந்துவிட்டால் பூச்சையே எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கூழாங்கற்கள் அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறவை, சில வீடுகளில் கொள்ளுப்பாட்டியின் கல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. நானும் ஒருமுறை உள்ளங்கை அளவுக் கிண்ணம் ஒன்றை அப்படித் தேய்த்துப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. மரியாவின் ஜாடிகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் அந்த வலி எனக்கு ஞாபகம் வருகிறது.

கோயம்புத்தூர் கல்லூரி மாணவி: செம்மண் பூசினால் சிவப்பாகத்தானே வரவேண்டும்? கருப்பு எங்கிருந்து வந்தது? பளபளப்பின் மேல் பளபளப்பு இல்லாத கருப்புக் கோலம் எப்படி?

நல்ல கேள்வி. கருப்பு நெருப்பிலிருந்து வருகிறது. திறந்த வெளியில் பானைகளை ஒரு இரும்புத் தட்டியின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் தகரமும் காய்ந்த சாணமும் அடுக்கி, அடியில் விறகு வைத்துக் கொளுத்துகிறார்கள். அப்படியே எரிய விட்டால் பானை சிவப்பாகத்தான் வரும். சரியான நேரம் பார்த்து, பொடியாக நுணுக்கிய குதிரைச் சாணத்தை மொத்தமாகக் கொட்டி நெருப்பை மூடிவிடுகிறார்கள். காற்று உள்ளே போக வழியில்லை, புகை வெளியே வரவும் வழியில்லை. மண்ணில் உள்ள இரும்பு ஆக்சிஜனை இழக்கிறது, புகைக்கரி மேல்பரப்பில் ஏறுகிறது, சிவப்பு கருப்பாகிவிடுகிறது. (நம் ஊர் அகழாய்வுகளில் கிடைக்கும் கருப்பு சிவப்புப் பானைகளுக்கும் காற்று பட்ட இடம், படாத இடம் என்ற இதே கணக்குதான். ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது இல்லை.)

கோலத்துக்கு வருவோம். தேய்த்துப் பளபளப்பாக்கிய பானையின் மேல், சுடுவதற்கு முன்னால், வேறொரு மண் கரைசலால் வரைந்துவிட்டால் அந்த இடம் மட்டும் சுட்ட பிறகு மங்கலாக நிற்கும். இதைக் கண்டுபிடித்தது மரியாவின் கணவர் ஹூலியன், 1919ஐ ஒட்டி. வரைந்தவரும் அவர்தான். கொம்பு வைத்த தண்ணீர்ப் பாம்பு ஒன்று அந்தப் பானைகளைச் சுற்றி ஓடுமே, அவன்யு என்று பெயர், அது அவர் கை.

பின்னணியையும் சொல்லவேண்டும். எட்கர் ஹெவெட் என்ற தொல்லியலாளர் அந்தப் பக்கம் அகழாய்வு நடத்தியபோது ஹூலியன் அங்கே கூலி வேலை பார்த்தார். தோண்டி எடுத்த பழைய ஓடுகளைக் காட்டி, இதுபோல முழுப் பானை செய்ய முடியுமா என்று ஹெவெட் மரியாவிடம் கேட்டார். வெறும் பளபளப்பான கருப்புப் பானை சான்டா கிளாராவில் ஏற்கெனவே உண்டு. மங்கலும் பளபளப்பும் சேர்ந்த கருப்பு மட்டும் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது. அந்த 1919ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திருச்சி வாசகருக்குப் பதில் சொல்லும்போது அது மறுபடி தேவைப்படும்.

சென்னை வாசகர்: நீங்கள் மரியா என்று எழுதினீர்கள், நான் தேடிப் பார்த்த பானையில் 'மரீ' என்று கையெழுத்து இருக்கிறது. போலியா?

போலி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் அவர் 'மரீ' என்றுதான் கையெழுத்துப் போட்டார். பிறகு 'மரீ, ஹூலியன்' என்று இரண்டு பெயரும் வந்தது. 1943இல் ஹூலியன் இறந்த பிறகு மருமகள் சான்டானா வரைந்தார், அப்போது 'மரீ, சான்டானா'. அதன்பின் மகன் போபோவி டா சேர்ந்து வேலை செய்த காலத்தில் 'மரியா, போபோவி'. கையெழுத்தைப் பார்த்தே பானையின் வயதைச் சொல்லிவிடுகிறார்கள் தெரிந்தவர்கள்.

ஆனால் பானையில் பெயர் எழுதுவது அந்த ஊர் வழக்கமே இல்லை, வாங்குகிறவர்கள் கேட்டதால் வந்தது. மரியா பெயர் இருந்தால் விலை அதிகம் என்று தெரிந்ததும் ஊரில் மற்ற பெண்கள் தங்கள் பானைகளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், அவரும் போட்டுக் கொடுத்திருக்கிறார். பிறகு சந்தைக்காரர்கள் இதனால் குழப்பம் வருகிறது என்று சொன்னதும் நிறுத்தினார். இதை ஒரு குற்றம்போல எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு வந்த பெயரால் பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரியட்டும் என்று நினைத்த ஒரு பெண்ணைத்தான் நான் அதில் பார்க்கிறேன். தன் முறையையும் அவர் மறைத்து வைக்கவில்லை, ஊருக்கே சொல்லிக் கொடுத்தார். சான் இல்டிஃபான்சோ இன்றுவரை பானைக்குப் பெயர்போன ஊராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

டல்லாஸ் வாசகி: எங்கே பார்த்தாலும் மரியா பெயரையே சொல்கிறார்கள். வேறு யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், அதுவும் மரியாவுக்கு முன்னாலேயே. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நம்பேயோ. 1859ஐ ஒட்டிப் பிறந்தவர், அரிசோனாவில் ஹோப்பி மக்களின் நிலத்தில், முதல் மேசா என்று சொல்லும் தட்டைக் குன்றின் மேல் உள்ள ஹானோ என்ற சிற்றூர். அம்மா டேவா இனம், அப்பா ஹோப்பி. அவர் காலத்தில் இரும்பு வாளியும் எனாமல் பாத்திரமும் கடைக்கு வந்துவிட்டன, பானைக்குத் தேவை குறைந்துகொண்டே போனது. அவர் என்ன செய்தார் என்றால், பக்கத்தில் பாழடைந்து கிடந்த சிக்யாட்கி என்ற பழைய ஊரின் ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தார். மஞ்சள் மண்ணின் மேல் பறவை இறகும் சுழலும் இழையுமாக வரைந்த ஓடுகள். 1895இல் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே தோண்டினார், நம்பேயோவின் கணவர் லேசூ அதில் வேலை செய்தார், அதனால்தான் நம்பேயோவுக்கு அந்தப் பழைய பாணி தெரிந்தது என்று ரொம்ப நாள் எழுதிவந்தார்கள். உண்மையில் தோண்டுவதற்கு முன்பே அவர் அந்த ஓடுகளைப் பார்த்து வரைய ஆரம்பித்துவிட்டார். படித்தவர் வந்து காட்டிக் கொடுத்தார் என்ற கதை நமக்கும் பழக்கமானதுதானே. அதை நம்பேயோ விஷயத்தில் யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள்.

வயதான காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. அப்போதும் விரலால் தடவித் தடவியே பானை எழுப்பினார். வரைவதை மகள்கள் பார்த்துக்கொண்டார்கள். 1942இல் இறந்தார். அவருடைய வழிவந்தவர்கள் இன்றும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

மற்றவர்களை வேகமாகச் சொல்கிறேன். சான்டா கிளாராவில் மார்கரெட் டஃபோயா, 1904 முதல் 2001 வரை வாழ்ந்தவர், இடுப்பளவு ஜாடிகளைக்கூடத் திரியடுக்கிச் செய்தவர். பானையில் கரடிப் பாதத்தை அழுத்திய தடம் இருந்தால் அவருடைய குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள், வறட்சியில் கரடிதான் தண்ணீருக்கு வழி காட்டியது என்பது அந்த ஊர்க் கதை. சுமார் 110 மீட்டர் உயரப் பாறை மேல் இருக்கும் அகோமாவில் லூசி லூயிஸ். வெள்ளைப் பூச்சின் மேல் மயிரிழை போலக் கோடுகள், யுக்கா இலையை மென்று நாராக்கிய தூரிகையால் வரைந்தது. கோச்சிட்டியில் ஹெலன் கோர்டேரோ. தன் தாத்தா குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொன்ன நினைவில், 1964இல், மேலெல்லாம் 5 குழந்தைகள் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு கதைசொல்லித் தாத்தா பொம்மையைச் செய்தார். வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பொம்மையை இன்று எல்லா ஊரிலும் செய்கிறார்கள், தொடங்கியது அவர்.

மதுரை வாசகர்: இவர்கள் 'அனசாஜி' இனத்தவர்தானே?

அந்தச் சொல் வேண்டாம். அது நவஹோ என்ற வேறொரு பழங்குடியின் மொழிச் சொல், புவெப்லோ மக்கள் தங்கள் முன்னோரை அப்படி அழைப்பதை விரும்புவதில்லை. முன்னோர் புவெப்லோ மக்கள் என்றாலே போதும். புவெப்லோ என்பதும் ஸ்பானியர்கள் வைத்த பெயர்தான், ஊர் என்று பொருள். நியூ மெக்சிகோவில் மட்டும் இன்று 19 புவெப்லோக்கள் இருக்கின்றன, பேசும் மொழிகளும் பல.

சேலம் வாசகி: ஆண்கள் செய்யவே மாட்டார்களா?

பெரும்பாலும் பெண்கள் வனைவார்கள், ஆண்கள் வரைவார்கள், மண் சுமப்பார்கள், நெருப்புக்குத் துணை நிற்பார்கள். ஆனால் அது பூட்டிய கதவு இல்லை. சூனி ஊரில் வேவா என்ற புகழ்பெற்ற குயவர், நெசவாளரும்கூட, ஆணாகப் பிறந்து பெண்களின் வேலையையும் உடையையும் ஏற்றுக்கொண்டவர். சூனியில் அப்படிப்பட்டவர்களுக்கு லாமனா என்று மதிப்பான தனி இடம் உண்டு. 1886இல் வாஷிங்டன் போய் அதிபர் க்ளீவ்லாந்தையும் சந்தித்தார். இன்று ஆண்கள் நிறையப் பேர் வனைகிறார்கள்.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இப்போதைய புவெப்லோ கலைஞர்கள் சிலர் பானையில் காமிக்ஸ் படம் வரைகிறார்கள், ஒருவர் காருக்கே கருப்புக் கோலம் போட்டிருக்கிறார் என்று படித்தேன். பாரம்பரியத்தைக் கெடுப்பதாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

இல்லை ஐயா. மேலே 1919 என்று சொன்னேன் அல்லவா? உலகம் முழுக்கப் 'பாரம்பரியப் புவெப்லோ பானை' என்று போற்றும் அந்தக் கருப்பின் மேல் கருப்பு ஒரு கணவனும் மனைவியும் ஒரு நூறாண்டுக்கு முன்னால் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்த புதுசு. கதைசொல்லிப் பொம்மை 1964. நம்பேயோ பழைய ஓட்டை அப்படியே நகல் எடுக்கவில்லை, எடுத்துத் தன் போக்கில் மாற்றினார். அவர்களுக்கு இருந்த உரிமை பேரப்பிள்ளைகளுக்கு ஏன் இருக்கக்கூடாது?

நீங்கள் படித்த கார் ரோஸ் சிம்ப்சன் செய்தது. 1983இல் பிறந்தவர், சான்டா கிளாரா, அம்மா ராக்ஸேன் ஸ்வென்ட்செல் பெரிய மண் சிற்பி. 1985ஆம் ஆண்டு ஷெவர்லே எல் கமீனோ வண்டி ஒன்றைத் தானே சீர்செய்து, 2014இல், மரியாவின் பானை மாதிரியே பளபளப்பிலும் மங்கலிலும் கருப்படித்து, அதற்கு 'மரியா' என்றே பெயர் வைத்தார். பக்கத்தில் உள்ள எஸ்பன்யோலா ஊரில் வண்டியைத் தாழ்த்தி அலங்கரித்து ஓட்டுவது ஒரு பெரிய கலை, அவர் வளர்ந்த மண் அது. பானை என்பது எதையாவது தாங்கிக்கொள்ளும் கலம் என்றால் வண்டியும் ஒரு கலம்தானே. எனக்கு அது மரியாவுக்குச் செய்த மரியாதையாகத்தான் தெரிகிறது.

காமிக்ஸ் என்றது டியேகோ ரொமேரோவாக இருக்கும், கோச்சிட்டிக்காரர். கிண்ணத்துக்குள்ளே தன் மக்களின் இன்றைய கஷ்டத்தையும் குடியையும் காதலையும் வரைகிறார். அதே ஊரின் வர்ஜில் ஓர்டீஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1680இல் புவெப்லோ ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஸ்பானியர்களை விரட்டியடித்தன, அமெரிக்கப் பள்ளிகளில் பல பிள்ளைகளுக்குச் சொல்லித் தராத சரித்திரம் அது. ஓர்டீஸ் அந்தப் போரை 2180க்குக் கொண்டுபோய், வருங்கால வீரர்களாக மண் உருவங்கள் செய்கிறார். மண் ஊர் மண், கற்றுக் கொடுத்தது அம்மா. இதைவிட நேரான வழிவந்த வேலை எது?

எனக்குக் கவலை வேறு இடத்தில். மண் எடுக்கும் இடங்கள் தனியார் கைக்குப் போவது, சாணம் எரிக்கக் காற்றில்லாத ஒரு விடியற்காலை கிடைத்தும் ஆறு வாரம் உழைத்த பானை படாரென்று வெடிப்பது, அதைப் பார்த்துப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவது. கவலைப்படுவதானால் அதற்குப் படலாம்.

பெங்களூரு வாசகி: இவற்றில் நல்லவை எல்லாம் அருங்காட்சியகங்களில்தான் இருக்கின்றன. அந்த மக்களுக்கு அதில் என்ன பங்கு?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கவேண்டும். 1879இல் ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக நிறுவனம் அனுப்பிய குழு சூனியிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் பானைகளைச் சேகரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோனது. அம்மாவின் பானையைப் பார்த்துத்தான் மகள் வரையக் கற்கிறாள் என்னும்போது, அந்தப் பானை 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு அலமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றம் மெல்ல வருகிறது. 2022இல் நியூ மெக்சிகோவின் தலைநகர் சான்டா ஃபேயில் தொடங்கிய 'கிரவுண்டட் இன் க்ளே' கண்காட்சியை 21 பழங்குடி ஊர்களைச் சேர்ந்த 60க்கும் மேற்பட்டவர்களே தேர்ந்தெடுத்து அமைத்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நெருக்கமான பானையை எடுத்து, அதைப் பற்றித் தாங்களே எழுதினார்கள். அடுத்த ஆண்டு அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கும் போனது. 'பாட்டி இதில்தான் மாவு வைத்திருப்பாள்' என்ற மாதிரி ஒரு வரி, நிபுணர் எழுதும் பத்து வரியைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

ஃபீனிக்ஸ் வாசகர்: சாலையோரக் கடையில் 40 டாலருக்கு ஒரு அகோமா பானை வாங்கினேன். நண்பர் ஒருவர் அதே அளவுக்கு 900 டாலர் கொடுத்திருக்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். திரியடுக்கிச் செய்த பானையில் சுரண்டிய தடமும் லேசான மேடுபள்ளமும் இருக்கும். கண்ணாடி மாதிரி ஒரே சீராக இருந்தால் அச்சில் வார்த்ததாக இருக்கலாம். அச்சுப் பானையை வாங்கி அதன் மேல் வரைந்து விற்கும் அகோமா ஓவியர்களும் உண்டு. அது பிழைப்பு, அதில் தப்பில்லை, வாங்கும்போது அதைச் சொல்லிவிட்டால் சரி. மின்சூளையில் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பித்தலாட்டம் ஆகாது. ஆனால் பழங்குடியினர் அல்லாதவர் செய்ததைப் பழங்குடியினர் செய்ததாகச் சொல்லி விற்பது 1990 சட்டப்படி குற்றம், முதல் தடவையே 5 ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

அடுத்த முறை முடிந்தால் செய்தவரிடமே வாங்குங்கள். ஆகஸ்டில் சான்டா ஃபேயில் 1922 முதல் நடந்துவரும் இந்தியன் மார்க்கெட் இருக்கிறது. மற்ற நாட்களில் அதே ஊரில் பழைய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊர், மண் எங்கே எடுத்தது, யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். மண் எடுக்கும் சரியான இடத்தையோ, சில கோலங்களின் அர்த்தத்தையோ சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எல்லாம் வெளியாருக்குச் சொல்வதற்கு இல்லை. பேரம் பேசாதீர்கள். மண் எடுத்ததிலிருந்து கணக்குப் போட்டால் 900 டாலர் அதிகம் இல்லை.

நியூஜெர்சி வாசகி: பரிசாக வந்த கருப்பு ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தேன். வெள்ளைத் திட்டு வந்துவிட்டது. போகுமா?

போகாது அம்மா. அது 650 முதல் 750 டிகிரி சூட்டில் வெந்த மண், தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பு உரிந்துவிடும். உடனே காலி செய்து நிழலில் உலர விடுங்கள். எண்ணெயோ மெழுகோ தடவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இன்னும் கெடும். இனிமேல் காய்ந்த துணியால் தூசி மட்டும் தட்டுங்கள்.

கும்பகோணம் வாசகி: எல்லாம் அழகுக்கு வைப்பதுதானா? சமைக்க ஒன்றும் இல்லையா?

இருக்கிறதே! டாவோஸ், பிக்குரிஸ் என்ற வடக்கத்தி ஊர்களில் மண்ணிலேயே காக்காப்பொன் நிறைய இருக்கும், பானை முழுக்கப் பொன்தூள் தூவிய மாதிரி மினுங்கும். அந்தக் காக்காப்பொன் சூட்டைப் பரவலாகத் தாங்குவதால் நேரே அடுப்பில் ஏற்றலாம். இன்றும் அதில் பீன்ஸ் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள், ருசி தனி என்று சாப்பிட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கினால் எப்படிப் பழக்குவது என்று செய்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு முறை. நம் மண்சட்டிக்குப் பார்ப்பதுபோலவே சோப்புப் போடாமல் கழுவுங்கள், சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.